ஆளில்லாத வீட்டுக் கணினி: அணைவதைவிடத் திரும்ப எழுவதே பெரிய வேலை

காங்கேயத்திற்குத் தெற்கே, தாராபுரம் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் தோட்டத்து வீடு இப்போது பெரும்பாலான நாட்களில் பூட்டியே கிடக்கிறது. அப்பாவும் அம்மாவும் கோயம்புத்தூரில் என்னோடு வந்து தங்கிவிட்டார்கள். பண்ணையத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஒருவர் காலையிலும் மாலையிலும் வந்து, மாடுகளுக்குத் தண்ணீர் காட்டி, தீனி போட்டு, கட்டுத்தரையைக் கூட்டிவிட்டுப் போவார். வீட்டின் வடக்கு அறையில் ஒரு பழைய மேசைக்கணினி இரவும் பகலும் ஓடுகிறது. கட்டுத்தரையிலும் கிணற்றடியிலும் உள்ள கேமராக்களின் பதிவுகளைச் சேமிப்பது அதன் முதல் வேலை. குடும்பத்தின் பழைய புகைப்படங்களையும், நான் ஸ்கேன் செய்து வைத்துள்ள நிலப் பத்திரங்களையும் இரண்டு வன்தட்டுகளில் ஒன்றுக்கொன்று நகலாகக் காப்பது இரண்டாவது வேலை. அந்தக் கணினிக்கு எதிரே உட்கார்ந்திருக்க ஆள் கிடையாது. மின்சாரம் போனால் அதை முறையாக அணைக்கவும், மின்சாரம் வந்தால் மறுபடி எழுப்பவும் யாரும் இல்லை. இந்த ஒரே காரணத்தால், அதற்கு யூபிஎஸ் (மின்சாரம் போனதும் பேட்டரியிலிருந்து சற்று நேரம் கணினியை ஓட்டும் பெட்டி) தேர்ந்தெடுப்பது அலுவலகக் கணினிக்குத் தேர்ந்தெடுப்பதிலிருந்து முற்றிலும் வேறான வேலையாக இருந்தது. மூன்று ஆண்டுகளில் நான் கற்றுக்கொண்டதை, இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் நான் செய்தது, எல்லோரும் செய்வதைத்தான். கடையில் கிடைத்த 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) யூபிஎஸ் ஒன்றை வாங்கி வைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று எண்ணிக்கொண்டேன். ஆடிக் காற்றில் ஒரு நாள் தென்னை மட்டை கம்பியில் விழுந்து, இரவு முழுவதும் மின்சாரம் இல்லை. யூபிஎஸ் தன்னால் முடிந்தவரை, அரை மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாக, கணினியைத் தாங்கியது. பிறகு பேட்டரி தீர்ந்து, கணினி ஓடிக்கொண்டிருந்த நிலையிலேயே இருண்டது. வார இறுதியில் நான் போய்ப் பார்த்தபோது ஒரு வன்தட்டில் கோப்பு அமைப்பு சிதைந்திருந்தது. இன்றைய கோப்பு அமைப்புகள் எழுதப் போவதை முன்கூட்டியே ஒரு குறிப்பேட்டில் பதிந்துவைப்பதால் பெரும்பாலும் தாமாகவே சீராகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் குறிப்பேடு காப்பது கோப்பு அமைப்பின் ஒழுங்கை மட்டுமே. அந்த நொடியில் பாதி எழுதப்பட்டிருந்த தரவுத்தளத்தையோ காணொளியையோ அது காக்காது. இரண்டாவது தட்டில் நகல் இருந்ததால் படங்கள் தப்பின. மின்சாரம் போன நொடியில் கணினி சாகாமல், அரை மணி நேரம் கழித்துச் செத்தது. யூபிஎஸ் எனக்குத் தந்த பயன் அவ்வளவுதான் என்பது அன்று புரிந்தது. அதாவது, மின்சாரம் போய்விட்டது என்ற செய்தி கணினிக்குப் போய்ச் சேராத வரையில், ஆளில்லாத வீட்டில் யூபிஎஸ் வெறும் தாமதப் பெட்டியாகவே இருக்கும்.

எனவே எத்தனை நிமிடம் தாங்கும் என்ற கேள்வியை நான் பின்னுக்குத் தள்ளிவிட்டேன். எங்கள் பகுதியில் மின்தடை இரண்டு வகை. ஒன்று, மாதாந்திரப் பராமரிப்புப் பணிக்காக முன்கூட்டியே நாளிதழில் அறிவித்துவிட்டு, காலை 9 மணியிலிருந்து மாலை வரை நிறுத்துவது. அந்த ஏழெட்டு மணி நேரத்தை ஒரு மேசைக்கணினிக்குப் பேட்டரியால் ஈடுகட்டுவது செலவுக்கும் தேவைக்கும் பொருந்தாத காரியம். மற்றொன்று, பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசும் காற்றிலும் சித்திரை, வைகாசியின் கோடை இடிமழையிலும் மின்சாரம் பத்து நிமிடத்தில் நான்கைந்து முறை போய்ப் போய் வருவது. முதல் வகைக்கு, ஒழுங்காக அணைந்து, ஒழுங்காகத் திரும்ப எழும் கணினி வேண்டும். இரண்டாவது வகைக்கு, அவசரப்பட்டு அணையாத கணினி வேண்டும். இரண்டுக்கும் தேவைப்படும் பேட்டரி சிறியதே.

இதோடு மின்னழுத்தச் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. 1930-களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் வந்த பிறகு பஞ்சாலைகளும் மோட்டார் பம்புகளும் பெருகிய கொங்கு நாடு இது; இன்று கிணற்றிலும் ஆழ்துளைக் கிணற்றிலும் மோட்டார் இல்லாத தோட்டத்தைக் காண்பது அரிது. விவசாயத்திற்கான மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் சுற்றுவட்டாரத்து மோட்டார்கள் ஒருசேர எழும்போது, 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் வீட்டுச் சாக்கெட்டில் 175 வரை இறங்கி நான் அளந்திருக்கிறேன். இரவு பதினொரு மணிக்கு மேல் அதே சாக்கெட்டில் 250-ஐத் தாண்டியும் பார்த்திருக்கிறேன். ஆகவே யூபிஎஸ் வகையைத் தேர்ந்தெடுக்கும்போது, மின்சாரம் இல்லாத நேரத்தைவிட, இருந்தும் சரியில்லாத நேரத்தையே முதலில் கணக்கில் கொள்ள வேண்டியிருந்தது.

ஆஃப்லைன் எனப்படும் எளிய வகை, மின்சாரம் சரியாக இருக்கும்போது அதை அப்படியே கணினிக்கு அனுப்பிவிட்டு, அழுத்தம் எல்லையைத் தாண்டினால் பேட்டரிக்கு மாறும். 175 வோல்ட்டில் அது தினமும் பலமுறை பேட்டரிக்குத் தாவும். பேட்டரி மாதக் கணக்கில் தேய்ந்துவிடும். லைன் இன்டராக்டிவ் வகையில் உள்ளே ஒரு ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் உண்டு; அழுத்தம் குறைந்தால் உயர்த்தியும், கூடினால் குறைத்தும், பேட்டரியைத் தொடாமலேயே சமாளிக்கும். இங்கே விற்கும் பல மாடல்கள் 140 வோல்ட் முதல் 290 வோல்ட் வரை இப்படித் தாக்குப்பிடிக்கும் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். மூன்றாவது, ஆன்லைன் வகை. வரும் மின்சாரத்தை எந்நேரமும் நேர்மின்னோட்டமாக்கி மறுபடி மாறுமின்னோட்டமாக்கிக் கொடுப்பது. தரத்தில் அதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் அது 24 மணி நேரமும் சூடாகி, விசிறியைச் சுழற்றி, மின்சாரத்தையும் தின்னும். பூட்டிய வீட்டின் வெப்பத்தில் அதை ஓடவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. கொங்கு நாட்டுக் கிராமத்து வீட்டுக்கு லைன் இன்டராக்டிவ் வகைதான் குறைந்தபட்சத் தேவை, பெரும்பாலும் அதுவே போதுமான தேவையும் கூட என்பது என் முடிவு. அதற்கு முன்னால் ஸ்டெபிலைசர் ஒன்றையும் வைக்கலாமா என்று சிலர் கேட்டார்கள். ஸ்டெபிலைசரின் ரிலே மாறும் ஒவ்வொரு முறையும் யூபிஎஸ் அதை ஒரு சிறு மின்தடையாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு என்பதால் நான் வைக்கவில்லை.

வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருக்கிறதே, அது போதாதா என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. 2012-ஆம் ஆண்டை ஒட்டிய நீண்ட மின்வெட்டுக் காலத்தில் எங்கள் ஊரில் இன்வெர்ட்டர் வாங்காத வீடு குறைவு. 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி ஒன்று எங்கள் வீட்டிலும் இருக்கிறது. கணினியின் பவர் சப்ளை மின்சாரம் இல்லாமல் தாங்கும் நேரம் ஏறத்தாழ ஒரு மின்சுழற்சி, அதாவது 20 மில்லி நொடிக்கும் குறைவு. இன்வெர்ட்டரை யூபிஎஸ் நிலையில் வைத்தால் பெரும்பாலும் அதற்குள் மாறிவிடும். சாதாரண நிலையில் வைத்தால் மாறாமல் போகலாம். எனவே மாறும் நேரத்தைச் சமாளிக்க வழி இருக்கிறது. சமாளிக்க முடியாதது வேறு: வீட்டு இன்வெர்ட்டர்களில் பெரும்பாலானவற்றில் கணினிக்குச் செய்தி சொல்லும் கம்பியே கிடையாது. தவிர, அந்தப் பேட்டரிக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை பேட்டரித் தண்ணீர் ஊற்ற வேண்டும். பூட்டிய வீட்டில் அதை மறந்தால் தகடுகள் காய்ந்து, பேட்டரி வீணாகும்.

ஆனாலும் இன்வெர்ட்டர் உள்ளவர்கள் அதைக் கைவிட வேண்டியதில்லை. சைன் வேவ் (மின்வாரிய மின்சாரம் போன்ற சீரான அலை தரும்) இன்வெர்ட்டராக இருந்தால், அதன் வெளியீட்டில் தகவல் கம்பியுள்ள ஒரு சிறிய யூபிஎஸ்ஸை இணைத்து, அதிலிருந்து கணினியை ஓட்டலாம். மின்சாரம் போனதை அந்த யூபிஎஸ் அறியாது. இன்வெர்ட்டர் பேட்டரி தீர்ந்ததும்தான் அதற்குத் தெரியும். அப்போது அது கணினியை அணைக்கச் சொல்லும். பல மணி நேர ஓட்டமும் முறையான அணைப்பும் இவ்வாறு ஒருசேரக் கிடைக்கின்றன. சதுர அலை இன்வெர்ட்டரில் இது நடக்காது. அந்த அலையை யூபிஎஸ் மின்சாரமாகவே ஏற்காமல் பேட்டரிக்கும் லைனுக்கும் மாறி மாறித் தாவும். மின்சாரம் போனதை உடனே அறிய வேண்டும் என்றால் இன்னொரு வழி உண்டு: இன்வெர்ட்டரில் சேராத நேரடிச் சாக்கெட்டில் ஒரு வைஃபை பிளக்கைப் போட்டுவிட்டு, அது பதில் சொல்கிறதா என்று கணினியை நிமிடத்திற்கு ஒருமுறை கேட்கச் செய்தால், அந்தப் பிளக்கின் மௌனமே செய்தியாகிவிடும். ரவுட்டர் இன்வெர்ட்டரில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

அளவைத் தீர்மானிக்கும் முன் சுமையை அளந்துவிட வேண்டும். பவர் சப்ளையின் மீது 450 வாட் என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பலர் பெரிய யூபிஎஸ்ஸாக வாங்கிவிடுகிறார்கள். அது அந்தப் பெட்டியால் கொடுக்க முடிந்த உச்ச அளவே தவிர, கணினி இழுக்கும் அளவு அல்ல. சாக்கெட்டில் செருகும் வாட் மீட்டர் ஒன்றை வைத்து அளந்தபோது, என் கணினியும் ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் சேர்ந்து சராசரியாக 70 வாட்தான் இழுத்தன. திரை இணைக்கப்படவில்லை என்பதும் ஒரு காரணம். யூபிஎஸ்ஸின் விஏ எண்ணை வாட் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. சிறிய யூபிஎஸ்களில் 600 விஏ என்பது பெரும்பாலும் 360 வாட்தான்.

ஓடும் நேரத்தைத் தீர்மானிப்பது விஏ எண் அல்ல, உள்ளே இருக்கும் பேட்டரி. 600 விஏ பெட்டிகளில் வழக்கமாக 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று இருக்கும். பெருக்கினால் 84 வாட்-மணி. 70 வாட்டுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் வரும் என்று தாளில் தோன்றும், வராது. ஈய-அமிலப் பேட்டரியின் கொள்ளளவு இருபது மணி நேரம் மெதுவாகக் கறக்கும் கணக்கில் சொல்லப்படுவது. வேகமாகக் கறந்தால் பாதியளவே கிடைக்கும், அதிலும் ஒரு பகுதி மாற்றும்போது வெப்பமாகப் போகும். அதனால்தான் என் பழைய யூபிஎஸ் அரை மணியைத் தொடவில்லை. இரண்டு பேட்டரி கொண்ட 1 கேவிஏ (1000 விஏ) பெட்டியில் ஒவ்வொரு பேட்டரியும் பாதி வேகத்தில் கறக்கப்படுவதால், நேரம் இரண்டு மடங்கைவிடக் கூடுதலாகக் கிடைக்கிறது. எனக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. எனக்குத் தேவை பத்து நிமிடமே என்றாலும், பேட்டரி பாதியாகத் தேய்ந்த பிறகும் அந்தப் பத்து நிமிடம் உறுதியாகக் கிடைக்க வேண்டும் என்பதால் இரண்டு பேட்டரிப் பெட்டியையே எடுத்தேன்.

வாங்கப் போன இடத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். காந்திபுரத்தில் ஒரு கடையில், பார்வைக்கு ஒன்றுபோல் இருந்த இரண்டு யூபிஎஸ்களை எடுத்து வைத்தார்கள். ஒன்றின் முதுகில் யூஎஸ்பி தகவல் துளை இருந்தது, மற்றதில் இல்லை. எதில் கணினிக்குத் தகவல் போகும் என்று கேட்டபோது, கடைக்காரத் தம்பி, "அதெல்லாம் யாருமே கேக்கறதில்லீங்ண்ணா, நீங்கதான் மொதல்ல கேக்கறீங்க" என்றார். பெட்டியைப் பிரித்து, நான் கொண்டுபோயிருந்த மடிக்கணினியில் செருகிப் பார்க்க அனுமதித்தார். அந்தப் பொறுமைக்கு நான் நன்றியுடையவன். தகவல் துளை இருந்தாலும் அது பேசும் மொழி இரண்டு விதமாக இருக்கலாம். ஒன்று, விசைப்பலகை, மவுஸ் போல எந்த இயங்குதளமும் எளிதில் அடையாளம் காணும் ஹெச்ஐடி முறை. இதில் எத்தனை சதவீதம் மீதி, எத்தனை நிமிடம் வரும் என்பதெல்லாம் யூபிஎஸ்ஸே சொல்லும். மற்றது, மெகாடெக் எனப்படும் பழைய முறை. இதில் பல பெட்டிகள் பேட்டரியின் மின்னழுத்தத்தை மட்டுமே சொல்லும், சதவீதத்தை நாம்தான் ஊகிக்க வேண்டும். ஊகம் துல்லியமாக இராது. முடிந்தால் முதல் வகையையே வாங்குங்கள்.

விண்டோஸில் ஹெச்ஐடி யூபிஎஸ்ஸைச் செருகினால், மடிக்கணினியின் பேட்டரியைப் போலவே தோன்றும். இத்தனை சதவீதத்தில் அணைந்துவிடு என்று அமைப்புகளிலேயே சொல்லிவிடலாம். என் கணினி லினக்ஸில் ஓடுவதால் நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ், சுருக்கமாக நட், என்ற கட்டற்ற மென்பொருளைப் போட்டேன். ஒரு பகுதி யூபிஎஸ்ஸோடு பேசுகிறது; இன்னொரு பகுதி அந்தச் செய்தியை வலையமைப்பில் உள்ள எந்தக் கணினிக்கும் தருகிறது; மூன்றாவது பகுதி அதைக் கவனித்து அணைப்பை நடத்துகிறது. ஒரே யூபிஎஸ்ஸில் இரண்டு மூன்று கணினிகள் இருந்தால் இந்தப் பிரிப்பின் அருமை தெரியும்.

எப்போது அணைப்பது என்பதில் நான் இருமுறை மாற்றிக்கொண்டேன். மென்பொருளின் இயல்பான வழக்கம், பேட்டரி கடைசிக் கட்டத்தை எட்டிவிட்டது என்று யூபிஎஸ் கூவிய பிறகு அணைப்பது. புதிய பேட்டரியில் அது சரி. தேய்ந்த பேட்டரி, 40 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரே சரிவாகச் சரிந்துவிடும். கூவுவதற்கும் சாவதற்கும் இடையே அரை நிமிடம்கூட இராது. லினக்ஸில் அடம்பிடிக்கும் ஒரு சேவை நிற்பதற்கு 90 நொடி வரை காத்திருக்கும் வழக்கம் உண்டு என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். அடுத்து, ஐந்து நிமிடம் தொடர்ந்து மின்சாரம் இல்லையென்றால் அணை என்று நேரக் கணக்கை வைத்தேன். அது பராமரிப்பு நாளுக்குப் பொருந்தியது. காற்றுக் காலத்திற்குப் பொருந்தவில்லை. நான்கு நிமிடம் போய், இரண்டு நிமிடம் வந்து, மறுபடி நான்கு நிமிடம் போகும்போது நேரக் கணக்கு ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கும். பேட்டரியோ ஏறாமலே இறங்கிக்கொண்டிருக்கும், ஏனெனில் பத்து நிமிடத்தில் கறந்ததைத் திரும்ப ஏற்ற மணிக்கணக்கில் ஆகும். இப்போது இரண்டையும் சேர்த்து வைத்திருக்கிறேன்: ஐந்து நிமிடம் தொடர்ந்து இல்லாவிட்டாலோ, மீதி 60 சதவீதத்திற்குக் கீழே போனாலோ, எது முந்துகிறதோ அப்போது அணையும். ஆளுள்ள வீட்டில் 60 சதவீதத்தில் அணைப்பது வீண் என்று சொல்வார்கள். ஆளில்லாத வீட்டில் அந்த மீதி, கணினி எழுந்தவுடனே மறுபடி மின்சாரம் போனால் இரண்டாவது முறையும் முறையாக அணைவதற்கான கைமுதல்.

இனிதான் இந்தப் பதிவை எழுதத் தூண்டிய விஷயம். எல்லாம் அமைத்து முடித்த பிறகு வந்த முதல் மின்தடையில், ஐந்தாவது நிமிடம் கணினி அழகாக அணைந்தது. எட்டாவது நிமிடம் மின்சாரம் வந்துவிட்டது. கணினி எழவில்லை. ஆறு நாட்கள் எழவில்லை. மாட்டைப் பார்க்க வந்த அண்ணனிடம் தொலைபேசியில் கேட்டேன். "பொட்டியில பச்சை லைட்டு எரியுதுங்க, கரண்டு நல்லாத்தான் இருக்குது. கம்ப்யூட்டருதான் சத்தமில்லாமக் கெடக்குது. சுச்சு எதுன்னு சொல்லுங்க, போட்டுப் பாக்கறேன்" என்றார். அவரிடம் அந்த அறையின் சாவி இல்லை. சன்னல் வழியாகப் பார்த்துத்தான் சொன்னார்.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலைப் பொழுது ஆயிற்று. மின்சாரம் திரும்பியதும் தானாக எழ வேண்டும் என்று கணினியின் பயாஸில் (இயங்குதளத்திற்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பில்) சொல்லிவைத்திருந்தேன். ஆனால் மின்சாரம் திரும்பியதை அது உணர வேண்டுமானால், முதலில் அது அறுபட்டிருக்க வேண்டும். கணினி அணைந்த பிறகும் யூபிஎஸ் தன் வெளியீட்டை நிறுத்தாமல் கொடுத்துக்கொண்டே இருந்தது. பேட்டரி தீரும் முன்பே மின்சாரமும் வந்துவிட்டது. கணினியின் பவர் சப்ளையைப் பொறுத்தவரை, அன்று மின்தடை என்று ஒன்று நிகழவே இல்லை. அதனால் எழச் சொல்லும் கட்டளைக்கும் வேலை வரவில்லை. நீண்ட மின்தடையில் பேட்டரி முழுக்கத் தீர்ந்திருந்தால் எழுந்திருக்கும். குறுகிய தடையில் அணையாமலே ஓடியிருக்கும். இடைப்பட்ட நேரத்தில் வந்த மின்சாரம்தான் அதைக் கிடத்திவிட்டது.

இதற்கான மருந்து, அணைப்பின் கடைசிப் படியில், வன்தட்டுகள் விடுவிக்கப்பட்ட பிறகு, கணினியே யூபிஎஸ்ஸிடம் ஒரு கட்டளையை விட்டுச் செல்வது: இன்னும் சில நொடிகளில் உன் வெளியீட்டை அறுத்துவிடு, மின்சாரம் வந்த பிறகு மட்டும் மறுபடி கொடு. நட் மென்பொருளில் ஹெச்ஐடி யூபிஎஸ்களுக்கு இதன் இயல்பான அளவு, அறுக்க 20 நொடி, திரும்பக் கொடுக்க 30 நொடி. இரண்டாவது எண் முதல் எண்ணைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இந்த 20 நொடிக்குள் மின்சாரம் வந்துவிட்டாலும்கூட, நல்ல யூபிஎஸ் வெளியீட்டை ஒருமுறை அறுத்துவிட்டே திரும்பக் கொடுக்கும். அப்படிச் செய்யாத மலிவான பெட்டிகளுக்காக இன்னொரு காப்பும் உண்டு: கடைசிப் படியில் கணினி அணைந்து நிற்பதற்குப் பதில், கால் மணி நேரம் சும்மா காத்திருந்துவிட்டு மறுதொடக்கம் ஆகும்படி சொல்லலாம். மின்சாரம் அறுபட்டால் அந்தக் காத்திருப்பு அதோடு முடிந்தது. அறுபடாமல் இருந்தால் கணினி தானாக எழுந்துவிடும். நான் இரண்டையும் வைத்திருக்கிறேன்.

பயாஸ் அமைப்பிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. மின்சாரம் திரும்பினால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு, அணைந்தே இரு, எழு, முன்பிருந்த நிலைக்குப் போ என்று மூன்று வாய்ப்புகள் இருக்கும். மூன்றாவது புத்திசாலித்தனமாகத் தோன்றும். ஆனால் கணினி முறையாக அணைந்த பிறகுதான் மின்சாரம் அறுபடுகிறது என்பதால், அதன் நினைவில் முன்பிருந்த நிலை அணைந்த நிலையாகவே இருக்கும், எழாது. எழு என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய கணினியாக இருந்தால் தாய்ப்பலகையில் உள்ள காசு வடிவச் சிறு பேட்டரியையும் கையோடு மாற்றிவிடுங்கள். சிஆர்2032 என்று கேட்டால் எந்தக் கடையிலும் தருவார்கள். அது தீர்ந்திருந்தால், வெளியீடு அறுபடும் ஒவ்வொரு முறையும் பயாஸ் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, எஃப்1 விசையை அழுத்து என்று ஆளில்லாத அறையில் காத்துக்கொண்டிருக்கும். விசைப்பலகை இல்லை என்று நின்றுவிடும் கணினிகளும் உண்டு. அந்தச் சோதனையையும் அணைத்துவிட வேண்டும். வன்தட்டு முழுவதையும் குறியாக்கம் செய்து, தொடக்கத்திலேயே கடவுச்சொல் கேட்கும்படி வைத்திருப்பவர்கள், இயங்குதளத்தைத் திறந்தநிலையில் விட்டு, தரவுத் தட்டை மட்டும் குறியாக்கம் செய்து, எழுந்த பிறகு தொலைவிலிருந்து திறப்பது நல்லது.

யூபிஎஸ்ஸும் தானாக எழ வேண்டும். பேட்டரி முழுதும் தீர்ந்து அணைந்த சில பெட்டிகள், மின்சாரம் வந்தாலும் பொத்தானை அழுத்தினால்தான் வெளியீடு தரும். வாங்கிய அன்றே, ஒரு குண்டு பல்பைச் சுமையாகப் போட்டு, தீரும்வரை விட்டு, மின்சாரத்தைக் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். பல்பு தானாக எரியாவிட்டால், அந்தப் பெட்டி ஆளில்லாத வீட்டுக்கு உதவாது.

பேட்டரியின் ஆயுளைப் பற்றி. மூன்று முதல் ஐந்து ஆண்டு என்று சொல்வது 25 டிகிரி வெப்பநிலைக் கணக்கு. ஏறத்தாழ 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது ஈய-அமிலப் பேட்டரிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விதி. மழை மறைவில் கிடக்கும் எங்கள் கொறங்காட்டு (மானாவாரி மேய்ச்சல் நில) சீமையில், பூட்டிய அறை சித்திரையில் 37 டிகிரியைத் தொடுகிறது. எனவே என் கணக்கில் பேட்டரியின் ஆயுள் இரண்டு ஆண்டு. மாற்றிய தேதியைப் பெட்டியின் மீதே எழுதி ஒட்டியிருக்கிறேன். பரண் மேல் இருந்த யூபிஎஸ்ஸை இறக்கி, வடக்குச் சுவரோரம் தரையிலிருந்து ஒரு செங்கல் உயரத்தில் வைத்ததிலேயே ஐந்து டிகிரி குறைந்தது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் வெப்பத்தையும் பலமுறை ஏற்றி இறக்குவதையும் நன்றாகத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் ஈய-அமிலத்திற்கென்று செய்த யூபிஎஸ்ஸில் அதைச் செருகினால், சார்ஜர் பொருந்துமா என்ற கேள்வியோடு இன்னொன்றும் எழும்: அதன் மின்னழுத்தம் கடைசிவரை ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நின்று திடீரென விழுவதால், மின்னழுத்தத்தைப் பார்த்து மீதியைக் கணக்கிடும் யூபிஎஸ் தவறான எண்ணைச் சொல்லும். அந்த எண்ணை நம்பித்தான் அணைப்பு நடக்கிறது என்பதால் நான் தொடவில்லை.

பழைய மடிக்கணினி ஒன்றையே இந்த வேலைக்கு வைத்தால் பேட்டரி அதனுள்ளேயே இருக்கிறதே என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல யோசனைதான், சுமையும் 15 வாட்டுக்குள் அடங்கும். இரண்டு தடைகள் உள்ளன. ஆண்டு முழுவதும் 100 சதவீதத்தில், அதுவும் வெப்பத்தில், நின்றால் அந்தப் பேட்டரி உப்பிவிடும். 60 முதல் 80 சதவீதத்தோடு ஏற்றத்தை நிறுத்தும் வசதி இருக்க வேண்டும். மேலும் சார்ஜரில் மின்சாரம் வந்ததும் எழும் வசதி சில மாடல்களில் மட்டுமே உண்டு. இரண்டும் இருந்தால் தாராளமாக வைக்கலாம்.

எர்த் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. யூபிஎஸ்ஸின் மின்னெழுச்சிக் காப்பு (சர்ஜ் காப்பு), மிகுதியான மின்சாரத்தைத் தள்ளிவிடும் இடம் எர்த்தான். எங்கள் வீட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே கோடையில் 14 வோல்ட் காட்டியது. அது இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மண் காய்ந்து, பழைய குழி செயலற்றுப் போயிருந்தது. எலக்ட்ரீசியன் அண்ணன் புதிதாகக் குழி எடுத்து, கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்கி, "மாசத்துக்கு ரெண்டு குடம் தண்ணி ஊத்திப் போடுங்க, கோடையில வாரத்துக்கு ஒருக்கா ஊத்தணுமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கட்டுத்தரைக் கேமராவுக்கு வெளியே இழுத்திருந்த நெட்வொர்க் கம்பியையும் எடுத்துவிட்டு வைஃபைக்கு மாற்றினேன். கோடை இடி விழும் காலத்தில் மின்கம்பி வழியாக வராத ஆபத்து அந்தக் கம்பி வழியாக வந்துவிடும். யூபிஎஸ் அதைத் தடுக்க இயலாது.

அமைத்ததைச் சோதிக்காமல் விடக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிச் சோதித்தால் எர்த்தும் சேர்ந்து அறுபடும். எனவே சாக்கெட்டின் சுவிட்சையோ வீட்டு மின்பகிர்வுப் பெட்டியில் உள்ள எம்சிபியையோ (மின்துண்டிப்பானையோ) அணைத்துச் சோதியுங்கள். மூன்று விதமாகச் சோதிக்க வேண்டும்: இரண்டு நிமிடத்தில் திரும்பக் கொடுத்து, அணையாமல் ஓடுகிறதா என்று பார்ப்பது, ஒரு மணி நேரம் கழித்துக் கொடுத்து, எழுகிறதா என்று பார்ப்பது, கணினி அணைந்துகொண்டிருக்கும் அந்த அரை நிமிடத்திலேயே கொடுத்து, என்ன நடக்கிறது என்று பார்ப்பது. மூன்றாவதைத்தான் நான் முதலில் செய்யாமல் விட்டிருந்தேன். தோட்டத்துக் கருவிகளையெல்லாம் கழுவித் துடைத்துப் பொட்டு வைக்கும் ஆயுத பூஜைக்கு எப்படியும் ஊருக்குப் போவோம் என்பதால், அதற்கு முந்தைய நாளை ஒரு சோதனை நாளாகவும், ஆனிக் காற்று தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இன்னொரு சோதனை நாளாகவும் வைத்திருக்கிறேன்.

பேட்டரிக்கு மாறியதும், அணையப் போகும்போதும், எழுந்ததும் கணினி என் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும். ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் அதே யூபிஎஸ்ஸில் சேர்த்தது இதற்காகத்தான். ஊரில் இணைப்புத் தரும் இடத்திலேயே மின்சாரம் போய்விட்டால் அந்தச் செய்தி வராது. எழுந்த பிறகு மொத்தமாக வந்து சேரும். சென்ற மாதப் பராமரிப்பு நாளில் அப்படித்தான் வந்தது. மாலை 4 மணி 41 நிமிடத்திற்கு மூன்று செய்திகள் அடுத்தடுத்து வந்தன: 9.07-க்குப் பேட்டரி, 9.12-க்கு அணைப்பு, 4.39-க்கு எழுச்சி. நான் கட்டுத்தரைக் கேமராவைத் திறந்தேன். அண்ணன் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.